கிரவல் தூசியும் அலோய் சில்லும்

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி 1 ஆம் திகதியிலிருந்து மீண்டும் அனுமதிக்கப்பட்ட பின்னர், இருக்கைகளின் பொலித்தீன் உறையைக்கூட இன்னும் கழற்றாத கார்களை ஏ9 வீதியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காண முடிகிறது. அவற்றுட் சில தொழிற்சாலையிலிருந்து நேராக வந்தவை; பல, ஜப்பானில் சில காலம் ஓடி ஏலத்தில் எடுக்கப்பட்டு வந்தவை. எப்படி வந்திருந்தாலும், வீட்டு வாசலுக்கு வந்த சில மாதங்களுக்குள் அவற்றிற்கு இரண்டு வகையான காயங்கள் ஏற்பட்டுவிடுகின்றன. ஒன்று, இடப்பக்கச் சில்லின் விளிம்பில் கொங்கிறீற் உரசிய வெள்ளைத் தழும்பு. மற்றது, வெயிலில் பொனற்றைச் சரித்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற, சிலந்தி வலை போன்ற மெல்லிய வட்டக் கீறல்கள். முதலாவதைப் பார்த்துச் சொந்தக்காரர் இரண்டு நாட்கள் சோறு உண்ணாமல் இருக்கிறார். இரண்டாவதைப் பெரும்பாலும் கவனிப்பதே இல்லை. உண்மையில் முதலாவது, ஒரு வார இறுதியில் வீட்டு முற்றத்திலேயே திருத்தக்கூடியது. இரண்டாவதோ, மேற்பூச்சின் ஒரு பகுதியை மினுக்கிச் சீவி எடுத்தாலன்றிப் போகாது, சீவியது திரும்பி வரவும் மாட்டாது.

இரண்டையும் ஒரே பதிவில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. சில்லைத் திருத்தும்போது அரத்தாளைக் கையில் எடுத்து, எவ்வளவு தேய்க்கிறோம் என்பதை அறிந்தே தேய்க்கிறோம். கிரவல் வீதியிலிருந்து வந்து காரின் மேல் படிந்திருக்கும் செந்தூளை ஈரத்துணியால் துடைக்கும்போதும் அதே வேலையைத்தான் செய்கிறோம். அறியாமற் செய்கிறோம் என்பது மட்டுமே வேறுபாடு. அந்தத் தூளில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் மணல், மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் 7 ஆம் இடத்தில் இருப்பது. இரும்பு ஆணியையும் கீற வல்லது. அதற்கு முன்னால் நிற்கும் கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற மேற்பூச்சின் தடிப்போ ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரோன் வரையே, அதாவது ஒரு தலைமயிரின் தடிப்பைவிடக் குறைவு. காலபோக அறுவடை முடிந்து வீதியோரங்களில் நெல் காயும் மாதங்களில் இந்தத் தூளுடன் நெற்சுணையும் உமித்துகளும் சேர்ந்துகொள்கின்றன. உமியில் சிலிக்கா நிறைந்திருக்கிறது. சூடு மிதிக்கும் களத்தில் நின்றவருக்குச் சுணை தோலை என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. காரின் தோலுக்கும் அது நல்லதன்று.

முதலில் சில்லின் கதை. ஜப்பானிலும் எங்கள் நாட்டிலும் வாகனங்கள் வீதியின் இடப்பக்கமாகவே ஓடுவதால், உரசல் பெரும்பாலும் இடப்பக்கச் சில்லுகளிலேயே காணப்படும். ஏலத் தாளில் ‘ஏ1’ என்றால் சிறு கீறல், ‘யூ’ என்றால் நெளிவு என்று எழுத்தெழுத்தாக வாசித்து வாகனம் வாங்குபவர்களிற் பலர், இடப்பக்க முன்சில்லைக் குனிந்து ஒரு முறை பார்ப்பதில்லை. இங்கு வந்த பின் அதற்காகக் காத்திருப்பவை வேறு: கார்ப்பெற் வீதிக்கும் கிரவல் கரைக்கும் இடையிலுள்ள இறக்கம், மதகுகளின் கொங்கிறீற் கட்டு, நகரத்துக் கான்களின் விளிம்பு, காயவிட்ட நெல்லைக் காப்பதற்கு வீதியில் வரிசையாக வைத்திருக்கும் கற்கள்.

திருத்தத் தொடங்குவதற்கு முன், அது வெறும் தோற்காயமா, எலும்பு முறிவா என்பதைத் தீர்மானிக்க வேண்டும். சில்லைக் கழற்றிச் சவர்க்கார நீரால் கழுவி, உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ரயர் வந்து பொருந்தும் விளிம்பில் மயிரிழை போன்ற வெடிப்பு இருந்தாலோ, சில்லைச் சுழலவிட்டுப் பார்க்கும்போது விளிம்பு ஒரு பக்கமாக ஆடினாலோ, 80 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டும்போது ஸ்ரியரிங் நடுங்கினாலோ, காற்று மெல்ல மெல்ல இறங்கினாலோ அது பெயின்ற் வேலை அன்று. ரயரின் பக்கச் சுவரில் முட்டை போன்று ஒரு புடைப்பு இருந்தால் உள்ளிருக்கும் நூலிழைகள் அறுந்துவிட்டன என்று பொருள். அந்த ரயரை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. இவை எதுவும் இல்லாமல், விளிம்பின் வெளிப்புற உதட்டில் மட்டும், ஒரு மில்லிமீற்றருக்கு மேற்படாத ஆழத்தில் உரசியிருந்தால், தயக்கமின்றித் திருத்தலாம். பரந்தன் பக்கத்தில் பெயின்ற் வேலை செய்யும் ஒருவரிடம், வெடித்த அலோய்ச் சில்லை வெல்டிங் வைத்துப் பூசலாமா என்று ஒரு முறை கேட்டேன்.

“தம்பி, உரசல் எண்டாக் கொண்டாங்கோ, பூசித் தாறன். வெடிப்பு எண்டாக் காசு தந்தாலும் தொடமாட்டன். நீங்கள் நூறிலை போகேக்கை அது என்னைக் கேட்டிட்டு உடையாது,” என்றார்.

அவர் சொன்னதற்குப் பின்னால் உலோகவியல் நியாயம் இருக்கிறது. அலோய்ச் சில்லுகள் பெரும்பாலும் அலுமினியத்துடன் சிலிக்கனும் சிறிதளவு மக்னீசியமும் கலந்து வார்க்கப்பட்டு, அதன் பின் 500 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வைத்துக் குளிர்வித்து, மீண்டும் மிதமான சூட்டில் பதப்படுத்தப்படுகின்றன. அந்தப் பதத்திலேயே அவற்றின் வலிமை இருக்கிறது. வெல்டிங்கின் வெப்பம், ஒட்டிய இடத்தைச் சுற்றிலும் அந்தப் பதத்தைக் கெடுத்துவிடுகிறது. பழைய ஏ40, மொறிஸ் மைனர் கார்களின் இரும்புச் சில்லை அடித்து நிமிர்த்தி, தூரிகையால் பெயின்ற் பூசி ஓடிய அனுபவத்தை இதற்குப் பொருத்தக் கூடாது. இரும்பு நெளியும், வார்ப்பு அலுமினியம் வெடிக்கும். ஜப்பானியச் சில்லுகளின் முகத்திலோ பின்புறத்திலோ ‘ஜேடபிள்யூஎல்’ என்ற அடையாளம் வார்க்கப்பட்டிருக்கும். அந்நாட்டின் இலகு உலோகச் சில்லுகளுக்கான தரநியமத்தைக் குறிப்பது அது. விலை குறைந்த மாற்றுச் சில்லு தேடுபவர்கள் முதலில் அந்த அடையாளம் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

இன்னொரு வகைச் சில்லையும் ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கிறது. முகத்தில் கடைசல் இயந்திரத்தின் மெல்லிய வளையக் கோடுகள் தெரிய, வெள்ளியாக மின்னிக்கொண்டும் இடைவெளிகள் கறுப்பாகவும் இருப்பவை அவை. அவற்றின் பளபளப்பு பெயின்றினால் வந்ததன்று. உலோகத்தையே கடைந்து, அதன் மேல் நிறமற்ற பூச்சு மட்டும் அடித்திருக்கிறார்கள். எந்த ஸ்பிரேக் குப்பியாலும் அந்தத் தோற்றத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. மறுபடி கடைவதற்கு அதற்கென உள்ள இயந்திரம் வேண்டும், கடையுந்தோறும் உலோகமும் குறையும். உரசல் சிறிதென்றால், உப்பும் ஈரமும் பூச்சுக்கு அடியில் புகுந்து வெள்ளைப் புழு ஊர்ந்தது போன்ற அரிப்பை உண்டாக்காதபடி, காயத்தைச் சுத்தம் செய்து நிறமற்ற பூச்சால் மூடிவிட்டு அப்படியே ஓடுவதே என் தெரிவு. முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

மற்றபடி, முழுவதும் வெள்ளி நிறம் அல்லது கறுப்பு நிறம் பூசிய சில்லு என்றால் வேலையைத் தொடங்கலாம். வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, மண் தரையாயின் ஜக்கிற்கு அடியில் பலகை வைத்து, சில்லுக் கழற்றிய பக்கத்தை இரும்பு முட்டுத்தாங்கியில் இருத்துங்கள். சீமெந்துக் கல்லை முட்டுக் கொடுக்கும் வழக்கம் எங்கும் இருக்கிறது. அந்தக் கல் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நொறுங்கக்கூடியது.

கழற்றிய சில்லைச் சவர்க்கார நீரால் முதலில் கழுவ வேண்டும். முன்சில்லுகளில் காணப்படும் கபில நிறப் புள்ளிகள் பிறேக் தகட்டிலிருந்தும் பிறேக் பாட்டிலிருந்தும் சூடாகப் பறந்து ஒட்டிய இரும்புத் துகள்கள். சாதாரணச் சவர்க்காரத்திற்கு அவை அசையா. அவற்றைக் கரைப்பதற்கென்று விற்கப்படும் திரவத்தைத் தெளித்தால், சில நிமிடங்களில் அது ஊதா நிறமாகி வடியும். நிறம் மாறுவதே இரும்பு கரைகிறது என்பதற்கு அடையாளம். மணம் சகிக்க முடியாதது, ஆகவே வெளியில் வைத்துச் செய்யுங்கள், காய்வதற்கு முன் கழுவிவிடுங்கள். அமிலம் கலந்த மலிவான சில்லுக் கழுவிகளும் கடைகளில் இருக்கின்றன. அவை பூச்சு உரிந்த இடத்தில் அலுமினியத்தையே தின்னும்.

காய்ந்த பின் ரயரை மூட வேண்டும். இதற்கு என்னிடம் உள்ள சிறந்த கருவி, அலுமாரியில் குவிந்திருக்கும் பழைய கலியாண அழைப்பிதழ்கள். தடித்த மட்டையை உள்ளங்கை அகலத்தில் வெட்டி, ரயருக்கும் சில்லின் விளிம்புக்கும் இடையில் ஒன்றின் மேல் ஒன்று சற்று ஏறும்படி சுற்றிவரச் செருகினால், ஒட்டுநாடா எட்டாத அந்தப் பள்ளம்வரை பெயின்றும் அரத்தாளும் சென்று வர இடம் கிடைக்கும். காற்றைச் சிறிது இறக்கினால் மட்டை இலகுவாகப் போகும். முடிந்ததும் காற்றை நிரப்ப மறக்க வேண்டாம்.

உரசிய இடத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். கொங்கிறீற் இழுத்த திசையில் அலுமினியம் சிறு சிறு முள்ளாக நிமிர்ந்து நிற்கும். அந்த முட்களை மெல்லிய அரத்தால் தட்டையாக்கிய பின், 240 இலக்க அரத்தாளால் பள்ளத்தின் ஓரங்களைச் சரிவாக்கி, நல்ல பூச்சிற்குள் ஓர் அங்குலம் அளவுக்கு 400 இலக்கத் தாளால் தேய்த்து மங்கலாக்க வேண்டும். இந்த இடத்தில்தான் வேலையின் தரம் தீர்மானிக்கப்படுகிறது. கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவும்போது பழைய பூச்சு எங்கே முடிகிறது, உலோகம் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தால், பெயின்ற் அடித்த பின்னும் அந்தப் படி தெரியும். தெரியாமற் போகும்வரை தேய்க்க வேண்டும். பள்ளம் ஆழமாயின், வன்மையாக்கி கலந்து பயன்படுத்தும் புட்டியை மெல்லிதாகப் பூசி, இறுகிய பின் 400, 600, 800 என்று படிப்படியாகத் தேய்த்து, விளிம்பின் வளைவைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். எங்கள் வெக்கையில் புட்டி மிக வேகமாக இறுகும். ஆகவே வன்மையாக்கியைக் குறைத்து, ஒரு தடவைக்கு வேண்டிய அளவு மட்டும் கலவுங்கள்.

தேய்த்து முடிந்ததும் தூளை ஊதித் துடைத்து, ஐசோபுரோப்பைல் மதுசாரத்தால் எண்ணெய்ப்பசையை நீக்கி, காலந்தாழ்த்தாமல் பிறைமர் எனப்படும் அடிப்பூச்சை அடிக்க வேண்டும். அலுமினியம் காற்றுப் பட்டவுடனேயே தன் மேல் ஒட்சைட்டுப் படலத்தைப் போர்த்திக்கொள்வதால், வெறும் உலோகம் தெரியும் இடங்களுக்கு அதைப் பற்றிக்கொள்ளும் எச்சிங் பிறைமர் வேண்டும். சாதாரணப் பிறைமர், ஓராண்டில் தகடு தகடாக உரிந்து வரும். பிறைமர் காய்ந்ததும் 1000 இலக்கத் தாளை நீரில் நனைத்து மெல்ல ஓட்டி, அதன் மேல் நிறத்தையும், கடைசியில் கிளியர் கோட்டையும், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று மெல்லிய பூச்சுகளாக, இடையில் பத்து நிமிடம் அளவு விட்டு அடிக்க வேண்டும். ஒரே பூச்சில் மூடிவிடலாம் என்ற ஆசையே பெயின்ற் வடிந்து கண்ணீர்த்துளி போல் தொங்குவதற்குக் காரணம். வெள்ளி நிறத்தில் உள்ள உலோகத் துகள்கள் ஒளி படும் கோணத்திற்கேற்ப நிறம் மாறிக் காட்டுவதால், திட்டாகப் பூசிய இடம் எப்படியும் சற்று வேறுபடும். அதைப் பொறுக்க முடியாதவர்கள் சில்லின் முகம் முழுவதையும் மங்கலாக்கி ஒன்றாகப் பூசுவதே நல்லது. வன்மையாக்கி சேர்ந்த இருபாகக் கிளியர் கோட் உறுதியானதுதான். ஆனால் அதிலுள்ள ஐசோசயனேற்று நுரையீரலுக்குக் கேடானது, துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. அதற்குரிய வடிகட்டிக் கவசம் இல்லாதவர் சாதாரண ஒருபாகக் குப்பியுடன் நின்றுகொள்ளட்டும்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வைகாசியிலிருந்து சோளகம் வீசும் மாதங்களில் முற்பகல் முதல் மாலை வரை காற்றில் தூசி பறக்கும். மார்கழி மழையில் ஈரம் கூடிப் பூச்சு பால் போல் வெளுக்கும். சோளகக் காலத்தின் விடிகாலையில், முற்றத்திற்கு நீர் தெளித்துப் புழுதியை அமர்த்திவிட்டு, காற்று எழுவதற்கு முன் அடித்து முடிப்பதே இங்கு சரிவரும். ஒரு நாள் முழுவதும் விட்டுப் பின் பூட்டுங்கள். நட்டுகளைக் கையால் தொடங்கி, நட்சத்திர ஒழுங்கில் எதிரெதிராக இறுக்க வேண்டும். ரொயோட்டாவின் சிறிய கார்கள் பலவற்றிற்கு 103 நியூட்டன் மீற்றர் முறுக்கு போதும். வாகனக் கையேட்டில் அளவு இருக்கும். ஏறி நின்று மிதிக்கத் தேவையில்லை. நூறு கிலோமீற்றர் அளவு ஓடிய பின் மறுபடி சரிபாருங்கள்.

இனிக் கழுவுதல். வன்னியில் வாகனம் கழுவுபவருக்கு எதிரிகள் இரண்டு: ஒன்று மேலே சொன்ன தூள், மற்றது கிணற்று நீர். எங்கள் கிணறுகளிற் பலவற்றில் கல்சியமும் மக்னீசியமும் கூடிய வன்னீரே ஊறுகிறது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளை ஓடு அதற்குச் சாட்சி. வெயிலில் சூடேறிய பொனற்றில் அந்த நீர்த்துளி காய்ந்தால், நீர் போய்ச் சுண்ணாம்பு வட்டம் மட்டும் மிஞ்சும். கறுப்புக் காரில் அது அம்மைத் தழும்பு போலத் தெரியும். ஆகையால், உலோகத்தைத் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும் அதிகாலையிலோ, பொழுதுபட்ட பின்னரோ, நிழலில் வைத்தே கழுவ வேண்டும். மாரியில் பீலித் தண்ணீர் பிடித்து வைக்கும் தொட்டி உள்ள வீடுகளில் கடைசி அலசலுக்கு அந்த நீரைப் பயன்படுத்தலாம். அதில் உப்பு ஏறக்குறைய இல்லை. குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் கழிவாகத் தள்ளும் நீரை, வீணாகப் போகிறதே என்று காருக்கு ஊற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வடிகட்டி ஒதுக்கிய உப்பு முழுவதும் அதற்குள் இருப்பதால், கிணற்று நீரைவிட அது மோசமானது.

கழுவும் முறையில் நான் விட்டுக்கொடுக்காத விடயம் ஒன்றுதான்: கை படுவதற்கு முன் நீர் பட வேண்டும். மேலிருந்து கீழாக, தூள் தானாகக் கரைந்து வடியும்வரை தண்ணீர் அடியுங்கள். சில்லுகளை அவற்றிற்கென ஒதுக்கிய வாளியாலும் தூரிகையாலும் முதலிலேயே முடித்துவிடுங்கள், ஏனென்றால் அதிக மணல் அங்கேதான் இருக்கிறது. ஓடி வந்த சூட்டோடு பிறேக் தகட்டில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். பின்னர் இரண்டு வாளிகள், ஒன்றில் கார் சம்பூ, மற்றதில் வெறும் நீர். மைக்ரோபைபர் கையுறையைச் சம்பூவில் தோய்த்து ஒரு பகுதியைக் கழுவி, வெறும் நீர் வாளியில் அலசி, அதன் பிறகே மீண்டும் சம்பூவுக்குப் போக வேண்டும். கழுவி முடித்த பின் அந்த வெறும் நீர் வாளியின் அடியில் கையை விட்டுப் பார்த்தால் விரலிடையில் நறநறவென்று அகப்படும் செம்மணல்தான், ஒற்றை வாளி முறையில் திரும்பத் திரும்பப் பொனற்றிற்குப் போயிருக்கும். நெருக்கமான நாட்களில் ஒரே துணியால் ரயரையும் கூரையையும் துடைக்கும் கழுவுமிடங்களை நினைத்தால், சேர்விசுக்கு விடும்போது ‘கழுவ வேண்டாம்’ என்று சொல்லிவிடுவதே மேல் என்று தோன்றுகிறது.

உடுப்புத் தோய்க்கும் தூளும் பாத்திரம் கழுவும் திரவமும் எண்ணெய்ப்பசையோடு மெழுகுப் பூச்சையும் உரித்துக்கொண்டு போகும். அமுக்க நீர்க்குழாய் பயன்படுத்தினால் ஓர் அடிக்குக் கிட்டக் கொண்டுபோகாமல், விசிறி போல் விரியும் முனையால் அடியுங்கள். புதிதாகப் பூசிய சில்லு விளிம்பும் ரயரின் பக்கச் சுவரும் குவிந்த தாரையைத் தாங்கமாட்டா. துடைக்கும்போது தேய்க்காமல், தடித்த துவாயை விரித்து வைத்து மெல்ல இழுத்து எடுப்பது போதும். தண்ணீர் தட்டுப்பாடான புரட்டாதி மாதத்தில், ஒரு வாளித் தண்ணீரில் அரைகுறையாகத் துடைப்பதைவிடத் தூசியோடு விட்டுவைப்பது நூறு மடங்கு நல்லது. தூசி சும்மா கிடக்கும்போது எவரையும் கீறுவதில்லை.

புது வாகனத்தை முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தித் தேங்காய் உடைக்காமல் ஏ9 வீதியைக் கடப்பவர் குறைவு. பொனற்றில் வைக்கும் சந்தனமும் குங்குமமும் நடுப்பகல் வெயிலில் காய்ந்தால், வெள்ளைக் காரில் மங்கலான சாயம் தங்கிவிடக்கூடும். கண்ணாடியிலோ இலக்கத்தகட்டிலோ வைக்கும்படி ஐயரிடம் கேட்டால் அவர் மறுக்கப் போவதில்லை. பொனற்றில்தான் வைக்க வேண்டும் என்று அம்மா சொன்னால், அன்று மாலையே நிறைய நீர் ஊற்றி நீக்கிவிடுங்கள். காகத்தின் எச்சமும் அப்படித்தான். சூட்டில் கிடக்கக் கிடக்க அது கிளியர் கோட்டை அரிக்கும். ஈரத்துணியை அதன் மேல் பத்து நிமிடம் போட்டு ஊறவைத்து, தேய்க்காமல் தூக்கி எடுக்க வேண்டும். மயிலுக்கு மட்டும் என்னிடம் மருந்தில்லை. பளபளக்கும் கதவில் தன் உருவத்தைக் கண்டு வேறொரு சேவல் வந்துவிட்டது என்று கொத்தவும் கால் நகத்தால் கீறவும் தொடங்கினால், காரை உறையால் மூடுவதுதான் வழி. உறை போடும்போதும் முதலில் தூசியைக் கழுவிவிட வேண்டும். காற்றில் ஆடும் உறைக்கு அடியில் அகப்பட்ட மணலும் அரத்தாளே.

தொழிற்சாலைப் பூச்சு சூளையில் சுடப்பட்டு வருவதால் புதுக் காருக்கு முதல் வாரத்திலேயே மெழுகு போடலாம். வீட்டில் பூசிய சில்லுக்கு ஒரு மாதமாவது பொறுத்திருங்கள். கழுவி முடித்து நிறுத்துவதற்கு முன், ஒழுங்கையின் முனைவரை மெதுவாக ஓடி, பிறேக்கை இரண்டு மூன்று முறை இலேசாக அழுத்தித் தகடுகளை உலர்த்திக்கொள்ளுங்கள். அப்படிச் செய்யாமல் நிறுத்திவிட்டு, மறுநாட்காலையில் தகட்டில் செம்மஞ்சள் துருப்படலத்தைக் கண்டால் பயப்பட வேண்டியதில்லை. அடுத்த சந்தியில் பிறேக் பிடிக்கும்போது அது போய்விடும்.